அடிக்கு முந்தைய நொடி

கோல்ஃப் பார்க்கிறவர்களின் கண் பந்தின் பின்னால் ஓடும். என் கண் அதற்கு முந்தைய நொடியிலேயே நின்றுவிடும். மட்டை பந்தை விட்டு விலகி மேலே ஏறும் நொடி அது. 'பேக்ஸ்விங்' என்பார்கள்.

முதல் ஒரு முழத்துக்கு மட்டை புல்லை உரசுகிறாற்போலத் தாழ்வாகவே பின்னால் போகும். பிறகு மணிக்கட்டு மடியும். வலக்கை ஆட்டக்காரருக்கு இடது தோள் மோவாய்க்கு அடியில் வந்து நிற்கும், முதுகு இலக்கைப் பார்க்கும். தோள் 90 பாகை திரும்பினால் இடுப்பு ஏறக்குறைய அதில் பாதிதான். அந்த வித்தியாசத்தில்தான் விசை சேர்கிறது. கயிறு திரிக்கிறவர்களுக்கு இது தெரியும்: இரண்டு முனையும் ஒரே பக்கமாகச் சேர்ந்து சுற்றினால் முறுக்கு ஏறாது.

ஜப்பானின் ஹிடெக்கி மாட்சுயாமா உச்சியில் ஒரு கணம் அப்படியே நிற்பார். 2021இல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றவர். அமெரிக்காவின் ஜிம் ஃபியூரிக்கோ, மட்டையை நேரே தூக்கி ஒரு வளையம் போட்டுத்தான் இறக்குவார். பாடப்புத்தகத்தில் இல்லாத அந்த வீச்சை வைத்துக்கொண்டு 2016இல் பிஜிஏ டூரில் 58 அடிகளில் ஒரு சுற்றை முடித்தார்.

ஆக, அழகுக்கு ஒரே அச்சு கிடையாது. ஆனால் தாளம் உண்டு. தேர்ந்தவர்களுக்கு ஏறும் நேரம் இறங்கும் நேரத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அவசரப்பட்டால் கை மட்டும் போகும், உடம்பு பின்தங்கும். கண்ணாடி முன்னால் பந்தில்லாமல் பழகிப் பாருங்கள். பந்து இல்லாதபோதுதான் உடம்பு சொல்வது காதில் விழும்.