சபாக் கச்சேரிப் பதிவு: தவறு தொடங்கும் இடம்

கர்நாடக இசைக் கச்சேரியைச் சபாவிலேயே பதிவு செய்யும்போது, அரங்க மிக்ஸரிலிருந்து ஒரு லைன் எடுத்துப் பதிவுக் கருவியில் செருகிவிடுவது பரவலான வழக்கம். செலவும் குறைவு, வேலையும் எளிது. ஆனால் அரங்கில் நிறைவாகக் கேட்ட கச்சேரி பதிவில் சாரமிழந்து போவதற்கு முதற்காரணமும் இந்த வழக்கம்தான்.

அரங்கில் இருப்பவர் காதில் ஸ்பீக்கரின் ஒலியோடு மேடையிலிருந்து நேராக வரும் ஒலியும் விழுகிறது. மிருதங்கமும் கடமும் இயல்பிலேயே ஓசை மிக்கவை. சிறிய அரங்கில் மைக் இல்லாமலே பின்வரிசைக்கு எட்டிவிடும். அதனால் மிக்ஸரில் இருப்பவர் அவற்றைத் தாழ்த்திப் பாட்டை ஏற்றி வைக்கிறார். அரங்குக்கு அது சரியான முடிவு. அந்தக் கலவையை மட்டும் பதிவு செய்தாலோ, பாடகர் காதருகே பாட, மிருதங்கம் அடுத்த அறையில் வாசிப்பதுபோல் இருக்கும்.

பதிவுக்குத் தனிக் கலவை வேண்டும். ஒவ்வொரு மைக்கின் சிக்னலையும் ஸ்ப்ளிட்டரால் இரண்டாகப் பிரித்து, ஒன்றை அரங்குக்கும் மற்றொன்றைத் தனித்தனி ட்ராக்குகளாகப் பதிவுக்கும் அனுப்புவதே முறை. வாய்ப்பாடு, வயலின், தம்புரா, கடம் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றும், மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்குமாக இரண்டும் போதும். மிருதங்கத்தின் இரு மைக்குகளையும் கலக்கும்போது அலைகள் ஒன்றையொன்று தேய்த்து, கும்கியின் ஆழம் குறையக்கூடும். ஒரு மைக்கின் துருவத்தை மாற்றி, எது நிறைவாக ஒலிக்கிறது என்று கேட்டுப் பார்ப்பது அவசியம்.

பதிவு அளவை ஆலாபனையை வைத்து முடிவு செய்வது ஆபத்து. தனி ஆவர்த்தனத்தின் இறுதிக் கோர்வையில் ஒலி பலமடங்கு உயரும். 24 பிட் பதிவில் அளவைச் சற்றுத் தாழ்த்தி வைத்தாலும் நுணுக்கம் கெடாது. உச்சத்தில் வெட்டுப்பட்ட ஒலியையோ முழுமையாக மீட்க முடியாது.

ரசிகர்களின் கைதட்டலுக்கும் அரங்கின் எதிரொலிக்கும் தனியே இரண்டு மைக்குகள் தேவை. அவை மேடையிலிருந்து 10 மீட்டர் தள்ளியிருந்தால் ஒலி சுமார் 29 மில்லி விநாடி தாமதமாகச் சேரும். கலவையின்போது அதை ஈடுகட்டாவிட்டால் மிருதங்கச் சொற்களின் கூர்மை மழுங்கும்.

இத்தனையும் செய்த பிறகும் பதிவைக் கெடுப்பது, கலைஞர்கள் கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கரான மேடை மானிட்டர்தான். ஒருவர் தம் மானிட்டரை ஏற்றச் சொன்னால் அடுத்தவரும் கேட்கிறார். அந்த ஒலி எல்லா மைக்குகளிலும் நுழைந்துவிடுவதால் தனித்தனி ட்ராக் இருந்தும் பயனில்லாமல் போகிறது. பாட்டை ஏற்றினால் மிருதங்கமும் கூடவே ஏறுகிறது. மாறாக, 1938 ஜனவரியில் நியூயார்க் கார்னகி அரங்கில் நடந்த பென்னி குட்மேன் ஜாஸ் கச்சேரியை மேடைக்கு மேல் தொங்கிய ஒரே மைக்தான் பதிவு செய்தது. 1950-இல் வெளிவந்த அந்தப் பதிவு இன்றும் கேட்கப்படுகிறது. மேடையிலேயே சமநிலை இருந்தால் கருவி குறைவாக இருந்தாலும் பதிவு நிற்கும்.

ஒரு கச்சேரி முடிந்த கையோடு அடுத்ததைத் தொடங்கும் மார்கழி நெருக்கடியில் ஒலிச்சோதனைக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. பதிவு செய்யப்படும் கச்சேரிகளுக்காவது சபாக்கள் அரை மணி நேரம் முன்னதாக மேடையை விட்டுத்தர வேண்டும். கலைஞர்களும் மானிட்டர் அளவை அப்போதே முடிவு செய்து, கச்சேரி முடியும்வரை மாற்றாமல் இருக்க வேண்டும்.