இருட்டில் பொன், விளக்கில் பச்சை

திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்குள் பயிர் வளர்ப்பது புதிய சமாச்சாரம் இல்லை. அம்மன் கோயிலில் காப்புக் கட்டியதும் ஓர் அறையை ஒழித்து, சன்னல் இடுக்கில் வெளிச்சம் கசியாதபடி சாக்குப் போட்டு அடைத்து, முளைப்பாரி போட்டுவிடுவார்கள். சட்டியிலோ கூடையிலோ வைக்கோல் பரப்பி, மேலே காய்ந்த எருவைப் பொடித்துத் தூவி, ஊறவைத்த பாசிப்பயறு, தட்டாம்பயறு, மொச்சை, சோளம், கம்பு என்று விதைப்பார்கள். விரதம் இருந்து பார்த்துக்கொள்கிறவர் தண்ணீர் தெளிக்கும் நேரத்துக்கு மட்டும் கதவைத் திறப்பார். ராத்திரியானால் பெண்கள் கூடிக் கும்மி கொட்டுவார்கள்.

ஒரு வாரம், பத்து நாள் கழித்துப் பாரி வெளியே வரும்போது நின்று பார்க்க வேண்டும். துளிப் பச்சை இருக்காது. தண்டு வெள்ளை வெளேரென்று, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே நீரோட்டமே தெரிகிற மாதிரி இருக்கும். நுனியில் மட்டும் இளமஞ்சள். பயறுமுளைகள் தலையைக் கொக்கிபோல் வளைத்துக்கொண்டு நிற்கும். இலை இன்னும் பிரிந்திருக்காது. கம்பும் சோளமும் ஊசியாக நீண்டு, ஒவ்வொரு நுனியிலும் ஒரு சொட்டு நீரை ஏந்தியிருக்கும். அது தெளித்த தண்ணீர் இல்லை. அறை மூடிக் கிடப்பதால் ஆவியாக வழியின்றி, வேர் இழுத்த நீர் இலை நுனித் துளை வழியே தானே வந்து நிற்கிறது.

இந்தப் பொன்னிறத்துக்குக் காரணம் இருட்டுதான். ஒளி படாத முளை, தான் இன்னும் மண்ணுக்குள் இருப்பதாகவே நடந்துகொள்ளும். விதையில் இருக்கிற சேமிப்பை எல்லாம் உயரத்துக்கே செலவழிக்கும். குருத்து உரசாமல் இருக்கத் தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். பச்சையத்தைக் கடைசிப் படிக்கு முன்னால் வரை தயாரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். அந்தக் கடைசிப் படிக்கு ஒளி வேண்டும். அது வரும்வரை மஞ்சள் நிறமி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பகலில் புறப்பட்டு மெதுவாகப் போகும் ஊர்வலமானால், சில மணி நேரத்தில் நுனிகளில் பசுமை தட்டத் தொடங்கிவிடும். இருட்டை இவ்வளவு பக்குவமாகக் கையாண்ட பெண்களை நான் தேர்ந்த தோட்டக்காரர்கள் என்றே சொல்வேன்.

இப்போது நகரத்து மாடிவீடுகளில் அலமாரித் தட்டில் எல்இடி விளக்கை மாட்டிக் கீரை வளர்ப்பவர்கள் செய்வது இதன் மறுபக்கம். வெந்தயத்தை ஒரு தட்டில் போட்டு ஒரு சாண் உயரத்தில் குழல்விளக்கைத் தொங்கவிட்டால், முளை நீளவே நீளாது. குட்டையாக, தடித்த தண்டோடு, வித்திலை இரண்டையும் அகல விரித்துக்கொள்ளும். வெந்தயத்தில் நான் ஆசையாகக் காத்திருப்பது அடுத்த இலைக்கு. முதலில் வரும் உண்மை இலை ஒற்றையாக, வட்டமாக வரும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் மூன்று மூன்றாகப் பிரிந்த இலைதான். கீரைக்கட்டு வாங்கிச் சமைப்பவர்களில் பலர் அந்த ஒற்றை இலையைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

கொத்தமல்லிக்கு வேறு அழகு. விதையை இரண்டாக உடைத்துப் போட வேண்டும். வாரம் பத்து நாள் பொறுமையைச் சோதித்துவிட்டு, ஈட்டிபோல் நீண்ட இரண்டு வித்திலைகள் வரும். அவற்றின் நடுவிலிருந்து விசிறி மடிப்போடு எழும் முதல் இலைதான் நமக்குத் தெரிந்த மல்லி. கிள்ளினால் மணம் விரலில் ஒட்டிக்கொள்ளும். சித்திரை வைகாசி வெயிலில் வெளியே போட்ட மல்லி, நாலு இலை விடுவதற்குள் பூக்கப் பார்க்கும். பூக்கத் துணிந்துவிட்டால் இலை நூல் நூலாகப் பிரிந்துவிடும், பழைய மணமும் போய்விடும். வீட்டுக்குள் அந்த அவசரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். அதற்காக விளக்கை நாள் முழுக்க எரியவிடக் கூடாது. நீண்ட பகலும் மல்லியைப் பூக்கத் தூண்டும். பன்னிரண்டு மணி நேரம் போதும். 20 வாட் குழல்விளக்கு என்றால் மாதத்துக்கு ஏழு யூனிட் சொச்சம்தான் ஆகும்.

விளக்கின் நிறத்திலும் ஒரு நயம் உண்டு. சிவப்பும் நீலமும் மட்டும் கலந்த இளஞ்சிவப்பு விளக்கின் கீழே இலை கருப்பாகத் தெரியும். பச்சையம் அந்த இரண்டு நிறங்களையும் வாங்கிக்கொள்கிறது. திருப்பி அனுப்பப் பச்சை ஒளியே அங்கு இல்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் நாசா அமைத்த 'வெஜ்ஜி' பெட்டியில் சிவப்பு, நீலத்தோடு பச்சை எல்இடியும் வைத்தார்கள். பச்சை ஒளி சேர்ந்தால்தான் இலை சாப்பிடத் தோன்றும்படி கண்ணுக்குத் தெரியும். அதில் விளைந்த சிவப்பு லெட்யூஸ் கீரையை 2015 ஆகஸ்ட் 10 அன்று விண்வெளி வீரர்கள் சாப்பிட்டார்கள். நம் வீட்டு வெள்ளை எல்இடிக்குள் இருப்பதும் ஒரு நீலப் பொட்டுதான். மேலே பூசிய மஞ்சள் பூச்சு அதை வெள்ளையாக்குகிறது. அந்த நீல எல்இடியை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

என் கட்சி வெள்ளை விளக்குதான். பச்சையைப் பச்சையாகப் பார்க்கலாம். அடி இலை பழுத்தால், அசுவினி ஒட்டினால் உடனே கண்ணில் படும். பக்கத்தில் ஒரு சின்ன மின்விசிறி ஓடட்டும். காற்றில் அசைகிற தண்டுதான் தடிக்கும். தண்டு மெலிந்து நீண்டால் முளைப்பாரியை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒளி போதவில்லை என்கிறது செடி. விளக்கை இன்னும் கீழே இறக்க வேண்டும்.

கத்தரியையும் தக்காளியையும் மட்டும் இப்படி வளர்க்க நினைக்காதீர்கள். காய் காய்ப்பதற்கு வேண்டிய ஒளியை ஓர் அலமாரி விளக்கால் கொடுத்துக் கட்டுப்படியாகாது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை இருக்கிற மாவட்டத்தில் காய்க்கு என்ன பஞ்சம்? கீரையும் மல்லியும் போதும்.

ஒரு பிடி வெந்தயத்தை இரண்டு கிண்ணத்தில் போடுங்கள். ஒன்றைப் பெட்டிக்குள் மூடி வையுங்கள். மற்றதை விளக்கடியில் வையுங்கள். ஐந்தாறு நாள் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பார்த்து முடித்ததும் இரண்டையும் பருப்போடு சேர்த்துச் சமைத்துவிடலாம்.