பிளாற்றினப் படங்களின் குணமும் குற்றமும்

ஒளிப்படத்தை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அதிலுள்ள பொருளையும் அமைப்பையும் பற்றியே பேசுவர். படம் பதிந்த தாளை நோக்குவார் அரியர். பிளாற்றினப் படத்துக்கு இந்நோக்குப் போதாது. வெள்ளிப் படத்தில் உலோகத்துகள் செலற்றின் படலத்துள் கிடக்கும். இங்கோ உலோகம் தாளின் நார்களிலேயே படிகின்றது. ஆதலின் தாளின் குறை படத்தின் குறையாகிவிடும்.

1873ஆம் ஆண்டில் வில்லியம் வில்லிஸ் இங்கிலாந்தில் இம்முறைக்கு உரிமம் பெற்றார். பெரிக்கு ஒட்சலேற்றும் பிளாற்றின உப்பும் பூசிய தாளில் ஒளிபட்ட இடத்து இரும்பு பெரசு நிலையடையும். பொற்றாசியம் ஒட்சலேற்றுக் கரைசலில் இட்டதும் அது பிளாற்றினத்தை உலோகமாக்கும். எஞ்சிய இரும்பை ஐதான அமிலத்திற் கழுவி அகற்றல் வேண்டும்.

பிரெடறிக் எவன்ஸ் 1903இல் எடுத்த வெல்ஸ் பேராலயப் படிக்கட்டின் படத்தை எடுத்துக்கொள்வோம். தேய்ந்த கற்படிகள் அலையலையாக மேலேறுகின்றன. அவ்வலைகளை அலைகளாகக் காட்டுவன கருமையோ வெண்மையோ அல்ல. இரண்டுக்கும் இடைப்பட்ட எண்ணற்ற சாம்பல் நிறங்களே. எதிர்ப்படத்திற் கைவேலை செய்வதை எவன்ஸ் ஏற்றாரல்லர். அவர் நம்பியது தாள் ஒன்றையே. அத்தாளில் மெல்லிய மூட்டம் படிந்திருப்பின் அவ்வலைகள் சேறாகியிருக்கும்.

மூட்டத்துக்குக் காரணம் பல. பழையதாகிய பெரிக்கு ஒட்சலேற்று, ஒளிபடாமலே ஓரளவு பெரசு நிலையடைந்துவிடும். அப்போது வெண்மை வேண்டிய இடத்திலும் உலோகம் படியும். ஈரமும் பகையே. கடையில் விற்ற பிளாற்றினத் தாள், ஈரத்தை உறிஞ்சும் கல்சியங்குளோரைட்டுடன் தகரக்குழாயில் அடைக்கப்பட்டிருந்தது இதனாலேயாம். ஆயினும் கையாற் பூசுந் தாள் அறவே வறண்டுவிடின் கருமை வலியிழந்து படம் மணல் தூவியதுபோற் காணப்படும்.

இவை எவர்க்கும் குற்றமாகத் தோன்றுவன. குணம்போல நடிக்கும் குற்றமொன்றும் உண்டு. அதுவே மஞ்சட் கறை. இதனைப் 'பழமையின் வெம்மை' எனப் போற்றுவாருளர். பல்லேடியப் படத்தின் இயல்பான கபிலநிறத்தோடு இதனை மயங்குதல் எளிது. வேறுபாட்டை அறியும் வழியோ எளியது. பல்லேடியத்தின் நிறம் உலோகம் படிந்த நிழலில் இருக்கும். கறை வெண்மையில் இருக்கும். மருந்து பூசிய பகுதியின் வெண்மையைப் பூசாத ஓரத்தோடு ஒப்பிட்டால் உண்மை தெரியும். வேறுபாடு காணின், அது வெம்மையன்று. கழுவாது விடப்பட்ட இரும்பு. அழகின் கேட்டோடு அது நிற்பதுமில்லை. நூற்றாண்டுகள் நிற்கவல்ல உலோகத்தைத் தாங்கும் தாளையே நாளடைவில் நலிவிக்கும்.

இக்காலத்துக் கைப்பூச்சுக்காரர் தூரிகைத் தடத்தை ஓரத்தில் விட்டுவைப்பதும் வழக்கமாயிற்று. ஓரத்தளவில் அது நிற்பின் குறைகூறுதல் மிகையாகும். வானப்பரப்பினுள் அத்தடம் நுழைந்தபின்னும் 'கைவண்ணம்' என்பது, பூசத்தெரியாமைக்கு இட்ட பெயரேயாம்.

முதலாம் உலகப்போரிற் பிளாற்றினத்தின் விலை ஏறியது. 1916இல் பல்லேடியத் தாள் விற்பனைக்கு வந்தது. எவன்ஸோ, தாம் விரும்பிய தாள் அரிதானபின் ஒளிப்படக்கலையைப் பெரும்பாலும் கைவிட்டார்.