கரண்டி சுரண்டும் ஓசை

புதுச்சேரி சுய்ஃப்ரேன் வீதியில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு மொழி படிப்பவர்கள்தான் அதிகம். சினிமா மாணவனான நான் அங்கே போவது படங்களுக்காக. பிரெஞ்சுப் படங்கள் என்றால் பலரும் இயக்குநர்கள் கோதாரையும் த்ரூஃபோவையும் சொல்வார்கள். எனக்கு ரொபேர் பிரெஸ்ஸோன். அதிலும் 1956இல் வந்த 'எ மேன் எஸ்கேப்டு'.

கைதி தப்பிவிடுவான் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. அப்புறம் என்ன பார்ப்பது? காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். 1943, லியோன் நகரில் ஜெர்மானியர்கள் வசமிருந்த மோன்லுக் சிறை. கைதி ஃபோந்தேன் ஒரு கரண்டிக் காம்பைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து உளியாக்கி, கதவின் பலகைகளைப் பிரிக்கிறான். படத்தின் பெரும்பகுதி இந்தச் சுரண்டல்தான். காவலர்களைக் காலடியாலும் சாவிக்கொத்துச் சத்தத்தாலுமே அதிகம் அறிகிறோம். மரண தண்டனைகள் திரையில் இல்லை, துப்பாக்கி வேட்டு மட்டும். தப்பும் இரவில் சரளைக்கல்லில் கால் பதிய, தொலைவில் போகும் ரயிலின் இரைச்சல்தான் அவனைக் காப்பாற்றுகிறது. இசை என்றால் அவ்வப்போது கொஞ்சம் மொஸார்ட், அவ்வளவே. (நம் ஊரில் இதே காட்சிக்கு நாற்பது வயலின் வாசித்திருப்பார்கள்.)

ஃபோந்தேனாக நடித்த பிரான்சுவா லெத்தெரியே தொழில்முறை நடிகரல்லர். முகத்தில் உணர்ச்சியைக் காட்டவே மாட்டார். பயமெல்லாம் நமக்குத்தான். சிலருக்கு இது வறட்சியாகத் தோன்றும். எனக்கோ இதைவிடப் பதற்றமான சிறைப்படம் வேறில்லை. கைப்பேசியில் பார்க்காதீர்கள், நல்ல ஒலியுள்ள அரங்கில் பாருங்கள்.