ஒன்பதும் எமக்கே!

"மக்களுக்குப் புரியாது!"

ஆதிக்கக்காரர் கையிலுள்ள ஆயுதங்களிலே மிகப் பழையது இது. இன்னும் மழுங்காததும் இதுதான். வேதம் என்ன சொல்கிறது என்று கேட்டோம். உங்களுக்குப் புரியாது என்றனர். மந்திரத்தைத் தமிழில் சொல்லலாகாதா என்றோம்; அதுவும் புரியாது என்றனர். அமெரிக்க நாட்டின் ஓஹியோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில், 1957-ஆம் ஆண்டு, இதே ஆயுதம் ஒரு தேர்தல் முறையின்மீது வீசப்பட்டது. வீசியவர் வென்றனர். அந்த வெற்றி பொன்னா, பித்தளையா என்று உரைத்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

அதற்கு முன்கதை சிறிது வேண்டும். அந்நகர மன்றத்தில் முன்பு 32 இடங்கள். பழைய முறையில் நடந்த கடைசித் தேர்தலில் குடியரசுக் கட்சி பெற்ற வாக்கு நூற்றுக்கு 55.8, பெற்ற இடமோ 31! மிச்சமிருந்த நாற்பத்துச் சொச்சம் பேரின் வாக்கு எங்கே போயிற்று? காற்றிலே கரைந்தது. அக்கட்சியின் எசமானர் ரட் ஹைனிக்கா என்பவர், நியூயார்க்கில் கூத்துக் கொட்டகைத் தொழில் நடத்திக்கொண்டே சின்சினாட்டியை ஆட்டிவைத்தார். கூத்துக்காரருக்கு ஆட்சி ஆகாதா என்று நம்மிடம் கேட்க வேண்டாம். மேடையிலிருந்து நாட்டுப் பணிக்கு வந்தவர்களை நாம் அறிவோம், போற்றுகிறோம். குற்றம் கூத்திலே இல்லை. ஊரிலே இராமலே ஊரை ஆண்டதில் இருக்கிறது.

1924-இல் மக்கள் சீறி எழுந்து புதிய நகர சாசனம் ஒன்றை ஏற்றனர். மன்றத்துக்கு ஒன்பது பேர். அவர்களைத் தேர்ந்தெடுக்க விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம். 1925 தேர்தலில் சீர்திருத்தக் கட்சியினர் நூற்றுக்கு 63.8 வாக்குப் பெற்று ஆறு இடம் அடைந்தனர். குடியரசுக் கட்சியினர் 27.8 வாக்குக்கு மூன்று இடம் அடைந்தனர். தோற்றவனுக்கும் அவன் பங்கு கிடைத்தது. இதைவிட நாணயமான கணக்கு வேறென்ன?

புரியாத அந்தப் புதிர்தான் என்ன? வாக்காளர் தமக்குப் பிடித்தவர் பெயருக்கு எதிரே 1 என்று எழுதுவார்; அடுத்தவருக்கு 2; அதற்கடுத்தவருக்கு 3. அவர் வேலை முடிந்தது! எண்ணுவோர் வேலை சற்று அதிகம். ஒரு நூறாயிரம் செல்லும் வாக்குகள், ஒன்பது இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். இடத்தோடு ஒன்றைக் கூட்டிப் பத்தால் வகுத்து, மீண்டும் ஒன்றைச் சேர்த்தால் 10,001. அத்தனை வாக்குப் பெற்றவர் வென்றவர். அவருக்கு மிகுந்த வாக்கும், வெல்ல வழியில்லாதவருக்கு விழுந்த வாக்கும், சீட்டில் குறித்த அடுத்த பெயருக்குப் போகும். ஊரில் பத்தில் ஒரு பங்கினர் உறுதியாக ஒருவரை நாடினால், அவரை எவராலும் தடுக்க இயலாது. அவ்வளவே.

குறையே இல்லையா? உண்டு. கையால் எண்ணி முடிக்கப் பல நாள் பிடித்தது. மிகுதி வாக்குக்கென எந்தச் சீட்டுகளை எடுப்பது என்பதில், இத்தனைக்கு ஒன்று என்று வரிசையிலிருந்து உருவி எடுத்தனர்; அதில் தற்செயலுக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. இவை திருத்தக்கூடிய குறைகள். நம் நாட்டு மாநிலங்களவைக்குச் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிப்பதும் இதே முறையில்தான். அங்கே எவரும் புரியவில்லை என்று புலம்பக் காணோம். எசமானர் எழுதினால் எண், எளியவன் எழுதினால் புதிரா?

புரியாமை பொய்க் காரணம். மெய்க் காரணத்தின் பெயர் தியடோர் பெர்ரி.

1905-இல் கென்டக்கியில் பிறந்த கறுப்பின இளைஞர் அவர். 1924-இல், சாசனம் பிறந்த அதே ஆண்டில், சின்சினாட்டியில் பள்ளிப் படிப்பை முதல் மாணவராக முடித்தார். பள்ளிக் கட்டுரைப் போட்டிக்கு அவர் எழுதியதை, வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு ஒதுக்கித் தள்ளியது. மறுபடியும் எழுதினார், 'தாமஸ் பிளேஃபேர்' என்று புனைபெயர் இட்டார், வென்றார்! 'நேர்மையாக ஆடு' என்று பொருள்படும் பெயர். ஆள் மறைந்ததும் அறிவு தெரிந்தது! தகுதி, திறமை என்று நம்மிடம் வேதாந்தம் பேசுவோர் அந்த நடுவர்களைச் சற்றே நினைத்துப் பார்க்கட்டும்.

எஃகு ஆலையில் உழைத்துப் படித்து வழக்கறிஞரானார் பெர்ரி. 1949-இல் நகர மன்றத்துக்கு வந்தார். 1955-இல் துணை மேயரானார். மேயரை மன்றத்து உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு அங்கே. அடுத்த படி எது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பார்த்தார்கள், பதறினார்கள். கறுப்பர் ஒருவர் மேயராவதா என்ற கேள்வியை வெள்ளையர் வாழும் வீதிகளில் காதோடு காதாகப் பரப்பினார்கள். 1957 வாக்கெடுப்பில் வெள்ளையர், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அம்முறையை ஒழிக்க வாக்களித்தனர். முறை ஒழிந்தது. இனி ஆளுக்கு ஒன்பது வாக்கு. அதிக வாக்குப் பெற்ற ஒன்பது பேர் வென்றவர். கேட்கத் தாராளம்! ஆனால் நூற்றுக்கு அறுபது பேர் ஒரே அணியாய் நின்றால் ஒன்பதும் அவர்களுக்கே. நாற்பது பேருக்கு நாமம். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கறுப்பர் வாழ்ந்த நகரில் அடுத்து வந்த தேர்தலில் பெர்ரி தோற்றார்.

அதே 1957-இல் ஆர்க்கன்சா மாநிலத்து லிட்டில் ராக்கில், ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் நுழைய விடாமல் துப்பாக்கி ஏந்திய காவற்படை நின்றது. உலகமே கண்டு காறித் துப்பியது. குடியரசுத் தலைவர் படை அனுப்பினார். சின்சினாட்டியில் துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. கணக்கை மட்டும் மாற்றினர். அதைக் கண்டிக்கப் படை வரவில்லை.

நியூயார்க் கதையும் இதற்கு அண்ணன்தான். அங்கே இம்முறையால் 1941-இல் முதல் கறுப்பினத்தவர் மன்றம் புகுந்தார், பொதுவுடைமையினரும் புகுந்தனர். அதைக் காட்டியே பூச்சாண்டி எழுப்பி 1947-இல் ஒழித்தனர்.

"மக்கள் வாக்களித்துத்தானே நீக்கினர்? மக்கள் தீர்ப்பை நீங்கள் எதிர்ப்பதா?" என்று நண்பர் சிலர் நம்மை மடக்குவர். கேட்க வேண்டிய கேள்விதான். நமக்கும் எளிதில் விடை கிட்டவில்லை. பெரும்பான்மை ஆளட்டும், மறுக்கவில்லை. ஆனால் யார் ஆள்வது என்று தீர்ப்பது வேறு, யாரை எண்ணாமல் விடுவது என்று தீர்ப்பது வேறு. முன்னதற்குப் பெரும்பான்மைக்கு உரிமை உண்டு. பின்னதற்கு எவர் தந்தது உரிமை? இங்கேதான் சாசனம் செய்த சீர்திருத்தக்காரர்மீதும் நமக்குக் குறை. சிறுபான்மையைக் காக்கும் வேலியை, பெரும்பான்மை கைநீட்டிப் பிடுங்கும் உயரத்திலேயே நட்டுவிட்டனர். பலமுறை பிடுங்க முயன்றும் நின்ற வேலி, 1957-இல் வீழ்ந்தது. 1921-இல் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரி ஆணை தந்தபோது, வேற்றுமையை வளர்க்கிறது என்று கூக்குரலிட்டவர்கள் உண்டல்லவா? சின்சினாட்டியிலும் அதே பாட்டு, வேறு இராகத்தில்.

பெர்ரி மறுபடி மன்றம் வந்து, 1972-இல் அந்நகரின் முதல் கறுப்பின மேயரானார். பதினைந்து ஆண்டு தாமதம்! பழைய முறையை மீட்க 1988-இலும் 1991-இலும் வாக்கெடுப்பு நடந்தது, இரண்டும் தோற்றன. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரிலோ, 1941 முதல் இன்றுவரை, ஒன்பது மன்ற இடங்களுக்கு மக்கள் 1, 2, 3 என்று எழுதியே வாக்களித்து வருகின்றனர்.