பூங்கா பக்கத்துல இருந்தா நடந்துடுவாங்களா? ஜவ்வாது மலையிலிருந்து ஒரு எதிர்க்கேள்வி

வீட்டுக்குப் பக்கத்தில் பூங்காவோ மைதானமோ இருந்தால், பெரியவர்கள் ஓய்வு நேரத்தில் உடம்பை அதிகம் அசைக்கிறார்களா? பொதுச் சுகாதார ஆய்வுகளில் இருபது வருஷத்துக்கு மேலாகச் சலிக்காமல் கேட்கப்படும் கேள்வி இது. பெரும்பாலான கட்டுரைகளின் அமைப்பும் ஒன்றுதான். வீட்டிலிருந்து பூங்கா எத்தனை நிமிஷ நடை என்று கேட்பார்கள். வாரத்துக்கு எத்தனை நிமிஷம் உடற்பயிற்சி என்று கேட்பார்கள். இரண்டையும் ஒரு கோட்டில் சேர்ப்பார்கள். கோடு லேசாக மேலே ஏறும்.

நான் இந்தத் துறைக்காரன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆனாலும் இந்தக் கோட்டை ஜவ்வாது மலை மேல ஏத்திப் பார்த்தா என்ன ஆகும்னு கொஞ்ச நாளாகவே ஒரு குடைச்சல்.

முதலில் சமவெளியில் நடந்த ஒன்று. நம்ம ஊர்ப் பூங்கா ஆய்வுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழு செய்தது. 1990-களின் பிற்பாதியில் இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று திருமங்கலம் ஏசியாட் காலனி, நடுத்தர வருமானம். இன்னொன்று தி.நகர் பாரதி நகர், குறைந்த வருமானம். பரிசோதனை, விழிப்புணர்வுப் பேச்சு எல்லாம் நடந்த பிறகு ஏசியாட் காலனிக்காரர்கள் தங்கள் சொந்தக் காசைப் போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் ஏதாவது உடற்பயிற்சி செய்தவர்கள் ஆரம்பத்தில் 14.2 சதவீதம். பிற்பாடு 58.7 சதவீதம். இது 2006-ல் வெளிவந்தது. பத்து வருஷத் தொடர் ஆய்வு 2011-ல் வந்தது. நீரிழிவு ஏசியாட் காலனியில் 12.4-லிருந்து 15.4 சதவீதம் ஆகியிருந்தது. பாரதி நகரில் 6.5-லிருந்து 15.3.

இந்த எண்களைப் பார்த்ததும் 'பூங்கா கட்டினா சரியாயிடும்' என்று முடிவு கட்டத் தோன்றும். பலர் அப்படித்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. இரண்டே குடியிருப்பு, ஒப்பிட முடியாத வருமானம் என்பதெல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும். நடந்த வரிசையைப் பாருங்க. முதலில் பயம் வந்தது, அப்புறம் ஆசை, அப்புறம் காசு வசூல், கடைசியில்தான் பூங்கா. அந்தப் பூங்காவே ஆசையின் விளைவு. யாரும் கேட்காமல் மேலிருந்து இறங்கும் பூங்காவுக்கும் இதே கோடு பொருந்தும் என்பதற்கு அந்தக் கட்டுரையில் ஆதாரம் எதுவும் கிடையாது. 2016-ல் ஊராட்சிகளுக்கு அம்மா பூங்காவும் அம்மா உடற்பயிற்சிக் கூடமும் அறிவித்தார்கள். 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதையோடு 'நடப்போம் நலம் பெறுவோம்' வந்தது. திட்டங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வசதி வந்ததும் வழக்கம் தானா வந்துடும் என்ற நம்பிக்கை மேல்தான் சந்தேகம்.

சரி, மலைக்கு வருவோம். காவலூர் தொலைநோக்கியால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த மலை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்துக்காரர்கள் இல்லை, பெயர்தான் அப்படி). ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு 2014-ல் வெளியிட்ட கணக்குப்படி, தமிழ்நாட்டில் பொழுதுபோக்கு உடலியக்கம் எதுவுமே இல்லை என்றவர்கள் 93.1 சதவீதம். இது மலைக்கான எண் இல்லை, மாநிலத்துக்கானது. ஆனால் எண் கிடைத்த விதத்தைக் கவனிக்கணும். உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள் உடலியக்கத்தை மூன்று கட்டமாகப் பிரிக்கிறது: வேலை, போக்குவரத்து, பொழுதுபோக்கு. வீட்டு வேலையும் அறுவடையும் முதல் கட்டத்துக்குள் போய்விடும். எல்லாமே 'வழக்கமான ஒரு வாரத்தில்' என்று கேட்கப்படும்.

எங்கள் தொழிலில் பூஜ்யமும் 'நல்'லும் ஒண்ணு கிடையாது. பூஜ்யம்னா எண்ணிப் பார்த்தோம், ஒண்ணும் இல்லை. நல்லுன்னா அந்தக் கேள்வியே இந்த ஆளுக்குப் பொருந்தவில்லை. சாமைக் காட்டில் களையெடுத்து, விறகு கட்டித் தூக்கி, பஸ்ஸுக்கு மேடு பள்ளம் ஏறி இறங்குகிற ஒரு அம்மாவின் மூன்றாவது கட்டத்தில் '0' என்று எழுதுகிறோம். அது பூஜ்யமா, நல்லா? மூன்றாவது கட்டத்தை மட்டும் படிக்கிற ஆள், அந்த ஊரில் இடுப்பைச் சுழற்றும் இரும்பு வட்டத்தட்டு ஒன்றை நட்டுவிட்டு வந்துவிடுவார்.

வசதிப் பட்டியலிலும் இதே கோளாறு உண்டு. ஜமுனாமரத்தூரில் படகுத்துறை இருக்கிறது. பீமன் அருவி இருக்கிறது, கோடை விழா நடக்கிறது. வரைபடத்தை வைத்து எண்ணினால் 'வெளிப்புறப் பொழுதுபோக்கு வசதி: உண்டு'. ஆனா அது கீழேயிருந்து ஏறி வருகிறவர்களின் ஞாயிற்றுக்கிழமை. மலைக்காரருக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் வியாபாரம், வேலை.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், நியாயமானதும்கூட. 'அவங்கதான் நாள் பூரா உழைக்கிறாங்களே, உடற்பயிற்சி எதுக்கு?' கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து, 2021-ல் வெளிவந்த ஆய்வு இதை மறுக்கிறது. ஓய்வு நேர இயக்கம் ஆயுளைக் கூட்டியது, வேலையிடத்துக் கடும் உழைப்பு அப்படிச் செய்யவில்லை. இந்தியாவும் உட்பட்ட 17 நாடுகளின் ப்யூர் ஆய்வோ (2017, 1,30,843 பேர்) எந்த வகை இயக்கமும் நல்லதே என்கிறது. நமக்கு இரண்டாவதுதான் நெருக்கம் என்பது என் கணிப்பு. ஆனாலும் அதை நம்பி உட்கார முடியாது. ஏன்னா முதல் கட்டம் அப்படியே நிற்கப் போவதில்லை. உரலில் குத்திய சாமை இப்போ மில்லுக்குப் போகுது. நடந்த தூரத்துக்கு பைக் வந்தாச்சு. அது நல்லதுதான், யாரும் உலக்கையைத் திரும்பப் பிடிக்க வேண்டாம். ஆனால் வேலைக் கட்டம் காலியாகும் வேகத்தில் ஓய்வுக் கட்டம் நிரம்பாது. பாரதி நகரின் 6.5, பத்து வருஷத்தில் 15.3 ஆனதை மலைக்கும் சேர்த்துத்தான் படிக்கணும்.

அப்போ எதைக் கட்டுவது? ஜவ்வாது மலையின் பெரும்பகுதி இருக்கும் அதே திருவண்ணாமலை மாவட்டத்தில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை இருக்கிறது. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் நடக்கிறார்கள், மூணு நாலு மணி நேரம். அந்த ஒரு ராத்திரியிலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரத்துக்கு 150 நிமிஷம் முடிந்துவிடுகிறது. மாதம் ஒருமுறை என்பதால் 'வழக்கமான வார'த்தில் அது விழாது, கேள்வித்தாளைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. ஆனா அந்தப் பாதையில் நள்ளிரவில் ஐம்பது வயது அம்மா ஒருத்தர் தனியா நடக்கலாம். ரோட்டில் விளக்கு இருக்கு, முன்னும் பின்னும் ஆட்கள் இருக்காங்க. முக்கியமா, 'இந்நேரத்துல எங்க போற?'ன்னு கேட்க யாருமில்லை.

2003-ல் அமெரிக்காவில் வந்த நடைச்சூழல் அளவுகோலை 2016-ல் தீப்தி அட்லகா குழு சென்னைக்கு ஏற்ப மாற்றியது. தேவையான வேலை. மலைக்கு ஏத்தும்போது 'பூங்கா எத்தனை நிமிஷ நடை' என்ற வரியோடு இன்னும் இரண்டைச் சேர்க்கச் சொல்வேன். ஒன்று, பொழுது சாய்ந்த பிறகு உங்களுக்கு வேலையில்லாத நேரம் எவ்வளவு? இன்னொன்று, சாயங்காலம் ஒரு காரியமும் இல்லாம நீங்க ரோட்டுல சும்மா நடந்துட்டு வந்தா, ஊர்ல என்ன கேப்பாங்க? இதை ஆம்பளை, பொம்பளை இரண்டு பேரிடமும் தனித்தனியா கேட்கணும்.