எண் எங்கே இருந்தால் என்ன?

ஜிமேட் தேர்வின் 'டேட்டா சஃபிஷியன்ஸி' கணக்கில் மும்முரமாக விடை கண்டுபிடிப்பவர் நேரத்தை வீணடிக்கிறார். ஒரு கேள்வி, கீழே இரண்டு கூற்றுகள். பதில் சொல்ல எந்தக் கூற்று போதும், இரண்டும் சேர வேண்டுமா, சேர்ந்தாலும் போதாதா என்று மட்டும் சொன்னால் போதும்.

எனக்குப் பிடித்த வகைக் கணக்கு இது. ஓர் எண்ணின் வர்க்கம் அந்த எண்ணைவிடப் பெரியதா? கூற்று 1: அதன் கனம் அதைவிடப் பெரியது. கூற்று 2: அந்த எண் −1ஐவிடப் பெரியது.

முதல் கூற்றோடு எண்கோட்டில் நடந்து பாருங்கள். 2இன் கனம் 8, சரி. 1/2இன் கனம் 1/8, சிறுத்துவிட்டது. −2இன் கனம் −8, இன்னும் இடப்பக்கம் போய்விட்டது. −1/2? கனம் −1/8. பூஜ்யத்தை நெருங்கியதால் பெரிதாகிவிட்டது! ஆக, எண் 1க்கு அப்பால் இருக்கலாம். அல்லது −1க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில். மிகையா குறையா என்றுகூடத் தெரியவில்லை. அவசரக்காரர் 'போதாது' என்று உதறிவிட்டு இரண்டாவதைச் சேர்ப்பார். சேர்த்தாலும் ஒரு மயிரிழை மாறாது. இரு இடங்களும் −1க்கு வலப்பக்கம்தான்.

ஆனால் கேட்டது வர்க்கத்தைப் பற்றியல்லவா? 1க்கு அப்பால் வர்க்கம் பெருகும். குறை எண்ணின் வர்க்கம் மிகை, கேட்கவே வேண்டாம். எண் எங்கே குடியிருந்தாலும் பதில் 'ஆமாம்'. கூற்று 1 மட்டுமே போதும். இரண்டாவது மட்டும் போதாது. 2க்கும் 1/2க்கும் பதில் மாறிவிடுகிறது. எண்ணைப் பிடிக்காமலே பதிலைப் பிடித்துவிட்ட இந்த இடத்துக்காகத்தான் நான் இந்தக் கணக்குகளைப் போடுகிறேன்.

இப்போது இவை 45 நிமிடத்தில் 20 கேள்விகள் கொண்ட 'டேட்டா இன்சைட்ஸ்' பகுதியில் வருகின்றன. திரையில் கால்குலேட்டரும் உண்டு. மேலே உள்ள கணக்குக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தேர்வில் வரும் எண்களெல்லாம் மெய்யெண்கள் என்ற விதியைப் பலரும் படிக்காமல் தாண்டுவார்கள். இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் பூஜ்யம். எண்களின் கூடுதல் என்ன? தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்று. போதாது என்று பள்ளிப் பழக்கம் சொல்லும். மெய்யெண்ணின் வர்க்கம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காதே! இரண்டுமே பூஜ்யம்தான்.

நான் வெகுநாள் சறுக்கியது வேறொன்றில். எண் முழு எண்ணா? கூற்று: அதன் வர்க்கம் 2. 'இல்லை' என்று வந்ததும் கூற்றையே அடித்துவிடுவேன். உறுதியான 'இல்லை'யும் பதில்தானே!